அந்த வேலை இப்போது யாரிடம் இருக்கிறது?

ஒரு அணியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "அது என்ன ஆச்சு?" என்ற கேள்வி எழுகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கேட்பவருக்கு அது ஒரு வரி. பதில் சொல்ல வேண்டியவர் கையில் இருப்பதைப் பாதியில் வைத்துவிட்டு, பழைய மெயிலைத் தோண்டி, இன்னொருவரிடம் "நீங்க அனுப்பிட்டீங்களா?" என்று விசாரித்து, அவருடைய பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம்தான் எழுதுவார். விசாரிக்கப்பட்டவரும் தன் வேலையை நிறுத்தித்தான் பதில் சொல்கிறார். அணிகளின் வேலைகளைப் பட்டியலிட்டுப் பின்தொடரும் மென்பொருளை விற்கும் அசானா நிறுவனத்தார் இதை "வேலையைப் பற்றிய வேலை" என்கிறார்கள். விளம்பரத்துக்காகச் சொன்னதுதான் என்றாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அசானா பிறந்த கதையே இந்தத் தொல்லையிலிருந்துதான் தொடங்குகிறது. ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸும் அங்கே பொறியாளராக இருந்த ஜஸ்டின் ரோசன்ஸ்டைனும் நிறுவனத்துக்குள்ளேயே பயன்படுத்த ஒரு பணிப்பட்டியல் கருவியை உருவாக்கினார்கள். யார் எதைச் செய்கிறார்கள் என்பதைக் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். அது நன்றாக வேலை செய்யவே, 2008-ல் வெளியே வந்து அதையே தனி நிறுவனமாக்கினார்கள்.

ஆகவே இந்த மென்பொருள்களை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அதைக் கொண்டுவந்த பிறகு "என்ன ஆச்சு?" என்ற கேள்வி குறைந்ததா? வண்ண வண்ண லேபிள், வரைபடம், ஆட்டோமேஷன் எல்லாம் இருந்தும் கேள்வி குறையவில்லை என்றால், அணிக்குக் கூடுதலாக ஒரு படிவம் நிரப்பும் வேலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேலையைப் படமாக வரைந்து பார்க்கும் ஆசை பழையது. போலந்துப் பொறியாளர் கரோல் ஆடமியெஸ்கி 1896-லேயே பட்டைகளால் ஆன ஒரு கால அட்டவணையை வகுத்தார். ஆனால் அமெரிக்கரான ஹென்றி கான்ட் 1910-களில் பரப்பிய வடிவம்தான் "கான்ட் அட்டவணை" என்று அவர் பெயராலேயே நிலைத்தது. 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக எந்த வேலை முடிந்தால் எது தொடங்கலாம் என்று வலைப்பின்னலாகக் காட்டும் பெர்ட் முறையை உருவாக்கியது. இவை எல்லாவற்றிலும் திட்டம் போடுபவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர். அட்டவணை திட்ட அலுவலகத்தின் சொத்து. இன்றைய கருவிகளில் நடந்திருக்கும் உண்மையான மாற்றம், வேலை செய்பவரே அதை எழுதுகிறார், அவரே நகர்த்துகிறார், எல்லோரும் அதே நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதுதான். இந்த வித்தியாசம் புரியாத மேலாளர்கள் புதுக் கருவியையும் பழைய அட்டவணை போலத்தான் நடத்துவார்கள். அவர்களே நூறு டாஸ்க் எழுதி, அவர்களே தேதி போட்டு, அணியிடம் "அப்டேட் பண்ணுங்க" என்பார்கள். யாரும் பண்ண மாட்டார்கள். ஏன் பண்ண வேண்டும்? அது அவர்களுடைய பட்டியலே இல்லையே.

எந்தக் கருவி என்ற கேள்வியை விரைவாகக் கடந்துவிடலாம். அட்டைகளை நெடுவரிசைகளில் நகர்த்தினால் போதும் என்றால் ட்ரெல்லோ. மென்பொருள் எழுதும் அணி, பிழைகளைத் துரத்த வேண்டும் என்றால் ஜிரா. பல துறைகள் ஒரே திட்டத்தில் கலந்து வேலை செய்கின்றன என்றால் அசானா அல்லது மண்டே. உரையாடலும் வேலையும் ஒரே இடத்தில் அமைதியாக இருக்க வேண்டும் என்றால் பேஸ்கேம்ப். சிறிய அணிக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டே தாராளம். எனக்குத் தெரிந்த வரை கருவி சரியில்லாததால் மட்டுமே ஒரு அணி தடுமாறியதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே மாதக்கணக்கில் செலவழித்த அணிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பாதி வேலையை முடித்திருக்கலாம்.

நான் நின்று பேச விரும்புவது ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி. டாஸ்க்கைத் திறந்தால் "பொறுப்பாளர்" என்று ஒரு இடம் இருக்கும். அசானாவில் அங்கே ஒரே ஒரு பெயரைத்தான் போட முடியும். "நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்கிறோமே, ஏன் இரண்டு பெயர் போட முடியவில்லை?" என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அது தெரிந்தே செய்த வடிவமைப்பு. மற்றவர்களை உடனிருப்பவர்களாகச் சேர்க்கலாம், அவர்களுக்குத் தகவல் போகும். ஆனால் பொறுப்பு ஒருவருடையது. ஜிராவும் அப்படித்தான் வருகிறது. ட்ரெல்லோவில் ஒரு அட்டையில் எத்தனை பேரை வேண்டுமானாலும் ஒட்டலாம். அங்கே இந்த ஒழுங்கை அணி தானாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தில் ஒவ்வொரு வேலைக்கும் "நேரடிப் பொறுப்பாளர்" என்று ஒருவர் பெயர் இருந்தே தீர வேண்டும் என்ற வழக்கம் பிரபலம்.

இதற்கு ஒரு உளவியல் காரணம் உண்டு. ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1968-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் தனித்தனி அறைகளில் இருந்து இன்டர்காம் வழியாகப் பேசுகிறார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்கிறது. தான் ஒருவர்தான் அதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் ஓயும் முன்பே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். உயிர் போகும் விஷயத்திலேயே இப்படி என்றால், மாதாந்திர அறிக்கையின் நான்காம் பக்கத்தைச் சரிபார்க்கும் விஷயத்தில் எப்படி இருக்கும்? இரண்டு பெயர் போட்ட அட்டையில் இரண்டு பேரும் நல்லவர்கள், உழைப்பாளிகள். இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மனதார நம்புகிறார்கள்.

பெயருக்கு அடுத்தது தலைப்பு. "இணையதளம்" என்று ஒரு டாஸ்க் இருக்கும். அதை வைத்து என்ன செய்வது? இணையதளத்தை உருவாக்குவதா, திருத்துவதா, மூடுவதா? எழுதியவருக்கு அன்று தெரிந்திருக்கும், இரண்டு வாரம் கழித்து அவருக்கே தெரியாது. "முகப்புப் பக்கத்தின் புதிய வாசகங்களை எழுதி வடிவமைப்பாளரிடம் ஒப்படைப்பது" என்று எழுதினால் எப்போது முடிந்தது என்பதில் சண்டை வராது. தலைப்பில் ஒரு வினை இருக்க வேண்டும், அந்த வினை முடிந்ததை வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "ஆய்வு செய்வது" என்ற வினை எனக்குப் பிடிக்காது. அது முடியவே முடியாது. "மூன்று வழிகளை ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுவது" முடியும்.

தேதி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. மனிதர்கள் தங்கள் வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணிப்பதில் மோசமானவர்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-ல் இதற்குத் "திட்டமிடல் பிழை" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1994-ல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன கணிப்பின் சராசரி ஏறக்குறைய 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதே போன்ற வேலைகளை முன்பு தாமதமாக முடித்த அனுபவம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் இந்த முறை வேறு என்று நினைக்கிறோம்.

இதைச் சமாளிக்க மென்பொருள் ஒரு வகையில் உதவும். முடிந்துபோன டாஸ்க்குகள் அங்கேயே இருக்கின்றன, எப்போது தொடங்கி எப்போது முடிந்தன என்ற பதிவோடு. அடுத்த தடவை செய்திமடல் தயாரிக்கத் தேதி குறிக்கும் முன் போன தடவை எவ்வளவு ஆனது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நிறையப் பேர் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை என்று போட்டுவிடுகிறார்கள். எல்லாமே வெள்ளிக்கிழமை. வெள்ளி மாலை பட்டியல் முழுக்கச் சிவப்பாகிறது, திங்கள் காலை எல்லாவற்றையும் அடுத்த வெள்ளிக்குத் தள்ளுகிறார்கள். சில வாரங்களில் சிவப்பு என்பது ஒரு நிறம் மட்டும்தான், எச்சரிக்கை இல்லை. அதனால் வெளியே யாருக்காவது வாக்குக் கொடுத்த வேலைக்கோ, இன்னொருவர் காத்திருக்கும் வேலைக்கோ மட்டும் தேதி போடச் சொல்வேன். மற்றவை வரிசையில் நிற்கட்டும். மேலே இருப்பது அடுத்தது, அது போதும்.

வரிசை என்றதும் பலரும் நம்ப மறுக்கும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் வரிசைகளைப் பற்றிய எளிமையான ஒரு விதியை நிரூபித்தார். ஒரு அமைப்புக்குள் சராசரியாக எத்தனை உருப்படிகள் இருக்கின்றன என்பது, அவை முடிந்து வெளியேறும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வரும். திருப்பிப் போட்டால் நம் விஷயம். ஒரு அணி வாரத்துக்கு 4 வேலைகளை முடிக்கிறது, "நடந்துகொண்டிருப்பவை" நெடுவரிசையில் 20 அட்டைகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு அட்டை தொடங்கி முடிய சராசரியாக 5 வாரம் ஆகும். அதே அணி, அதே உழைப்பு, அதே வாரத்துக்கு 4. ஆனால் கையில் ஒரே நேரத்தில் 8-க்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு செய்கிறார்கள். இப்போது 2 வாரம். யாரும் வேகமாக ஓடவில்லை. தொடங்குவதைத்தான் தள்ளிப்போட்டார்கள்.

டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ இரண்டாம் உலகப் போருக்குப் பின்னான ஆண்டுகளில் வளர்த்தெடுத்த கான்பான் முறையின் உயிர்நாடி இதுதான். அடுத்த கட்டம் கேட்டால் ஒழிய முந்தைய கட்டம் எதையும் செய்யக் கூடாது. இன்றைக்கு எல்லா மென்பொருளிலும் கான்பான் போர்டு இருக்கிறது, நெடுவரிசைகள் இருக்கின்றன, இழுத்து விடுவதற்கு அட்டைகள் இருக்கின்றன. வரம்பை மட்டும் பலர் எடுத்துக்கொள்வதில்லை. ஜிராவில் ஒரு நெடுவரிசைக்கு உச்ச வரம்பு வைக்கலாம், மீறினால் நிறம் மாறிக் காட்டும். நான் பார்த்த போர்டுகளில் அந்த வசதியைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. காரணமும் புரிகிறது. வரம்பு வைத்தால் யாரோ ஒருவரிடம் "இப்போது முடியாது" என்று சொல்ல வேண்டிவரும். வரம்பில்லாத போர்டில் எல்லோருக்கும் சரி என்று சொல்லிக்கொண்டே போகலாம், அட்டையும் "நடந்துகொண்டிருப்பவை"யில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கேட்டவருக்கும் மகிழ்ச்சி. வேலைதான் நடக்காது.

ஸ்டேட்டஸ் பற்றியும் ஒரு வார்த்தை. "80 சதவீதம் முடிந்தது" என்பதை நான் நம்புவதில்லை. மிச்சமிருக்கும் 20 சதவீதத்தில்தான் யாருக்கும் விடை தெரியாத சிக்கல் ஒளிந்திருக்கும். பேஸ்கேம்ப் 2018-ல் கொண்டுவந்த மலை வரைபடம் எனக்குப் பிடித்த யோசனை. ஒரு வேலையை மலையேற்றமாகக் காட்டுகிறார்கள். ஏறும் பக்கம் என்றால் எப்படிச் செய்வது என்று இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம். இறங்கும் பக்கம் என்றால் வழி தெரிந்துவிட்டது, செய்து முடிப்பதுதான் பாக்கி. ஒரு புள்ளி இரண்டு வாரமாக ஏறும் பக்கத்திலேயே நிற்கிறதென்றால் அங்கே போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அர்த்தம். இந்த வரைபடம் உங்கள் கருவியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாரக் குறிப்பில் "வழி தெரிந்துவிட்டது, இன்னும் தெரியவில்லை" என்று இரண்டில் ஒன்றை எழுதச் சொன்னாலே பாதிப் பலன் கிடைக்கும்.

இனி இலக்குகள். பீட்டர் டிரக்கர் 1954-ல் இலக்குகளை வைத்து நிர்வகிப்பதைப் பற்றி எழுதினார். இன்டெல்லில் ஆண்டி குரோவ் 1970-களில் அதைக் கூர்மையாக்கினார். எங்கே போக வேண்டும் என்று ஒரு வாக்கியம், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று சில எண்கள். இன்டெல்லில் அதைக் கற்ற ஜான் டோர், 1999-ல் அப்போது சின்ன நிறுவனமாக இருந்த கூகுளுக்குக் கொண்டுபோனார். ஓ.கே.ஆர். (இலக்குகளும் முக்கிய முடிவுகளும்) என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கூகுளில் 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டு, 0.6 அல்லது 0.7 வந்தால் நல்லது என்கிறார்கள். எப்போதும் 1 வாங்குபவர் இலக்கையே தாழ்வாக வைத்திருக்கிறார் என்பது கணக்கு.

இலக்குகளுக்கென்று தனிப் பகுதி இப்போது பெரும்பாலான கருவிகளில் வந்துவிட்டது. இலக்கின் கீழ் டாஸ்க்குகளை இணைக்கலாம், டாஸ்க்குகள் முடிய முடிய இலக்கின் சதவீதப் பட்டை தானாக நிரம்பும்படி அமைக்கலாம். பார்க்க அழகாக இருக்கும். எனக்கு இந்த வசதி மேல் பெரிய சந்தேகம் உண்டு.

ஒரு வாடிக்கையாளர் உதவி அணியை எடுத்துக்கொள்வோம். வரும் கேள்விக்கு முதல் பதில் போக 24 மணி நேரம் ஆகிறது, அதை 6 மணி நேரமாக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்காகப் பத்து டாஸ்க் எழுதுகிறார்கள். பதில்களுக்கு டெம்ப்ளேட் தயாரிப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஒரு பக்கம், இப்படி. ஒன்பது முடிந்துவிட்டது, பட்டை 90 சதவீதம் காட்டுகிறது, பச்சை நிறம். பதில் போகும் நேரம் என்ன? 22 மணி நேரம். ஏனென்றால் தாமதத்துக்கு உண்மையான காரணம், இரவில் வரும் கேள்விகளை யாரும் காலை வரை திறப்பதில்லை என்பது. அது அந்தப் பத்தில் இல்லை. டாஸ்க்குகளை எண்ணும் பட்டை உங்கள் யோசனைகள் எத்தனை செயல்படுத்தப்பட்டன என்று சொல்கிறது. யோசனை சரியா என்பதைச் சொல்லாது. ஆகவே இலக்கின் எண்ணைக் கையால் நிரப்புங்கள், வாரத்துக்கு ஒரு முறை, உண்மையான அளவீட்டைப் பார்த்து. அது நகரவில்லை என்றால் மிச்சமிருக்கும் டாஸ்க்குகளைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எழுத வேண்டும். தானியங்கிப் பட்டை இந்தச் சங்கடமான பேச்சைத் தள்ளிப்போட உதவுகிறது, அதனால்தான் பலருக்கும் பிடிக்கிறது.

இன்னொன்று. ஒவ்வொரு டாஸ்க்கும் ஏதாவது ஒரு இலக்கோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சில இடங்களில் கட்டாயமாக்குகிறார்கள். வேண்டாம். சர்வர் சான்றிதழைப் புதுப்பிப்பது, விலைப்பட்டியல் அனுப்புவது, விடுப்பில் இருப்பவருக்கு வந்த அழைப்பை எடுப்பது, இதெல்லாம் எந்த லட்சியத்தின் கீழும் வராது. செய்யாவிட்டால் மட்டும் எல்லாம் நிற்கும். கட்டாயப்படுத்தினால் எல்லோரும் "வாடிக்கையாளர் திருப்தி" என்ற இலக்கின் கீழ் எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். அன்றாடப் பராமரிப்புக்கு என்று வெளிப்படையாக ஒரு தனி இடம் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அணியின் நேரத்தில் எவ்வளவு அங்கே போகிறது என்று தெரியும். இலக்குகளுக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு என்பது பலருக்கு அப்போதுதான் புரியும்.

கருவியைக் கொல்வது பெரும்பாலும் அரட்டைச் செயலிதான். டாஸ்க்கில் ஒரு தேதி இருக்கும். அரட்டையில் இரண்டு பேர் பேசி அதை மாற்றியிருப்பார்கள். மூன்றாமவர் டாஸ்க்கை நம்பி வேலை செய்து ஏமாறுவார். ஒரு முறை ஏமாந்தவர் அடுத்த முறை போர்டைப் பார்க்க மாட்டார், நேரே அரட்டைக்குப் போய் "என்ன ஆச்சு?" என்று கேட்பார். அரட்டையை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. பேச்சு எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், முடிவு மட்டும் டாஸ்க்கில் ஒரு வரிக் கமென்ட்டாக வந்துவிட வேண்டும். யார் எழுதுவது? முடிவைக் கேட்டு வாங்கியவர். இந்த வழக்கம் நிற்பதும் விழுவதும் மேலாளர் கையில். போர்டைத் திறக்காமல் அவர் அரட்டையில் நிலவரம் கேட்டால், உடனே யாராவது பணிவாகப் பதில் சொல்வார்கள், போர்டின் கதை அன்றோடு சரி. போர்டைப் பார்த்துவிட்டு, அந்த டாஸ்க்கின் கீழேயே கேள்வியைக் கேட்டால் மற்றவர்களும் அங்கே வருவார்கள்.

மேலாளர் செய்யக் கூடாத வேறொன்றும் உண்டு. யார் எத்தனை டாஸ்க் முடித்தார் என்று எண்ணி அதைச் சம்பள உயர்வுப் பேச்சில் எடுக்கக் கூடாது. ஒரு அளவீட்டைப் பிடித்து நெருக்கினால் அது அளவீடாகவே இருக்காது என்று பொருளாதார நிபுணர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்த மறுநாளே ஒரு டாஸ்க் ஐந்தாக உடையும். கடினமான, பெயரில்லாத, நீளமான வேலையை யாரும் தொட மாட்டார்கள். தாமதம் என்று முன்கூட்டியே சிவப்புக் குறி போடும் நேர்மையும் போய்விடும். அந்தக் குறிதான் இந்தக் கருவியில் இருக்கும் விலை உயர்ந்த தகவல். அதைப் போட்டவரைத் திட்டினால் அடுத்த முறை கெடு நாள் வரை எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வழக்கமாகக் கேட்பது, பழைய ஸ்ப்ரெட்ஷீட்டில் இருக்கும் முன்னூறு வரிகளை என்ன செய்வது என்று. எல்லாக் கருவிகளிலும் இறக்குமதி வசதி இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னூறும் வந்து குதிக்கும். அழுத்தாதீர்கள். அணியை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, ஒவ்வொருவரும் "இது என்னுடையது, இதை இந்த மாதம் தொடுவேன்" என்று சொல்வதை மட்டும் அவரவர் கையால் புது இடத்தில் எழுதச் சொல்லுங்கள். நாற்பதோ ஐம்பதோ வரும். மிச்சத்தை அழிக்க வேண்டியதில்லை, அழித்தால் யாராவது பதறுவார்கள். அந்தக் கோப்பைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டி வையுங்கள். அதிலிருந்து எதையாவது தேடி எடுக்க யாராவது வந்தால், எடுத்துக்கொண்டு போகும்போது தன் பெயரைப் போட்டுக்கொண்டு போகட்டும்.